பன்னிரண்டாம் நாள் பூஜ்யம் காட்டிய ஆப்

கேள்வி:

டாக்டர், எனக்கு 24 வயது. சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். சென்னையில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. காலேஜ் இரண்டாம் வருடத்தில் பிடித்த சிகரெட், இப்போது ஒரு நாளைக்கு 8, 9 வரை போகிறது. எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் வேண்டும். மாதம் நாலாயிரத்துக்கு மேல் இதற்கே போகிறது. இரண்டு மாதத்துக்கு முன்னால் சிகரெட் விட உதவும் ஒரு ஆப் போட்டு நிறுத்தினேன். 11 நாள் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. 12-ஆம் நாள் நண்பன் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனேன். முதல் நாள் ராத்திரி மொட்டை மாடியில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது ஒன்று பற்றவைத்துவிட்டேன். ஆப்பில் உண்மையைப் பதிந்தேன். 11 என்று இருந்தது 0 என்று மாறியது. அப்படி ஒரு வெறுப்பு வந்தது. அங்கேயே ஆப்பை அழித்துவிட்டேன். காலையில் ஒரு பாக்கெட்டே வாங்கிவிட்டேன். அதற்கப்புறம் இன்னும் இரண்டு ஆப் போட்டும் மூன்று நாள் தாண்டவில்லை. ஒன்று வருடச் சந்தா கேட்கிறது, கட்டலாமா? இந்த ஆப் எல்லாம் உண்மையிலேயே வேலை செய்யுமா? ரூமில் இருக்கும் ஒருவன் வேப்புக்கு, அதாவது இ-சிகரெட்டுக்கு, மாறு என்கிறான். அம்மாவுக்கு எதுவும் தெரியாது. பெயர் போட வேண்டாம்.

பதில்:

தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கேள்வி எல்லாம் ஆப்பைப் பற்றி. என் கண் போய் நின்றதோ அந்த 11 நாளில். நீங்கள் அதை ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். நான் கொஞ்சம் அங்கேயே நிற்கிறேன்.

இரத்தத்தில் இருக்கும் நிகோடின் பாதியாகக் குறைய சுமார் 2 மணி நேரம் போதும். அதனால்தான் அது நாள் முழுக்க ஆளைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. நிறுத்தினால் முதல் 2, 3 நாள்தான் உடம்பு ரொம்ப முரண்டு பிடிக்கும். எரிச்சல் வரும், தூக்கம் கெடும், எதிலும் மனம் நிற்காது, பசி கூடும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்து, 2 முதல் 4 வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். நீங்கள் அந்தக் கடுமையான மூன்று நாளையும் தாண்டி, அதற்கு மேல் எட்டு நாள் இருந்திருக்கிறீர்கள். ஷிப்ட் வேலையோடு, மருந்து எதுவும் இல்லாமல், பக்கத்தில் பேச ஆளும் இல்லாமல். எழுந்து அரை மணிக்குள் சிகரெட் தேடுகிறவர் என்றால் நிகோடின் பிடிப்பு நன்றாகவே இறுகியிருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்டவர் 11 நாள் இருந்தது சின்ன விஷயம் இல்லை.

இதில் இன்னொரு சேதியும் இருக்கிறது. 12-ஆம் நாள் ராத்திரி உங்களைச் சறுக்க வைத்தது உடம்பின் பசி மட்டும் இல்லை. அந்த மாடி, பழைய கூட்டாளிகள், நேரம். நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன்: கையில் ஒரு கிளாஸும் இருந்ததா? நன்றாக விட்டுக்கொண்டு வந்த பையன்கள் எங்கே சறுக்கினார்கள் என்று விசாரித்தால், பாதிக் கதை குடி இருந்த ராத்திரியில்தான் போய் முடிகிறது.

சரி, ஆப்புக்கு வருவோம். வேலை செய்யுமா?

உங்கள் வயதுக்காரர்களை மட்டும் வைத்தே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'கிரஷ் தி கிரேவ்' என்று ஒரு செயலியை இளைஞர்களுக்கென்றே உருவாக்கினார்கள். 19 முதல் 29 வயதுக்குள் இருந்த சுமார் 1,600 பேரைச் சேர்த்து, ஒரு பாதிக்கு அந்தச் செயலியையும் மறுபாதிக்கு ஒரு சாதாரணக் கையேட்டையும் கொடுத்தார்கள். 6 மாதம் கழித்துப் பார்த்தால், விடாமல் தாக்குப்பிடித்தவர்கள் செயலிக்காரர்களில் 7.8 சதவீதம், கையேட்டுக்காரர்களில் 9.2 சதவீதம். இந்த வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள முடியாது, இரண்டும் ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளலாம். 2018-இல் முடிவு வெளியானது. அழகான திரை, பதக்கம், வரைபடம் எல்லாம் இருந்தும் ஒரு கையேட்டை மிஞ்ச முடியவில்லை.

அடுத்த வருடம், 2019-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு அதுவரை நடந்த ஆய்வுகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. கைபேசிக்கு வரும் மெசேஜ்கள் நிறுத்துகிறவர்களின் எண்ணிக்கையைக் கூட்டுகின்றன, சுமார் ஒன்றரை மடங்கு. செயலிகளுக்கு அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. இதுதான் அதன் கணிப்பு. வெறும் மெசேஜா என்று உங்களுக்குத் தோன்றும். பிரிட்டனில் 5,800 பேரை வைத்து நடத்திய ஒரு ஆய்வு 2011-இல் வந்தது. ஊக்கமும் யோசனையும் தரும் மெசேஜ் பெற்றவர்களில் 10.7 சதவீதம் பேர் 6 மாதம் கழித்தும் பிடிக்காமல் இருந்தார்கள். சம்பந்தமில்லாத மெசேஜ் பெற்றவர்களில் 4.9 சதவீதம்தான். வாயால் சொன்னதை அப்படியே நம்பாமல் பரிசோதனை செய்து உறுதிப்படுத்திய கணக்கு இது.

ஏன் இப்படி? என் அனுபவத்தில் நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான்: மெசேஜ் உங்களைத் தேடி வருகிறது, ஆப்பை நீங்கள் தேடிப் போக வேண்டும். டீக்கடையில் நாலு பேர் நடுவே நிற்கும்போது, பக்கத்தில் ஒருவன் தீப்பெட்டி உரசும்போது, எந்த மனுஷனும் பாக்கெட்டில் இருந்து போனை எடுத்து, ஆப்பைத் தேடித் திறந்து, 'எனக்கு இப்போது ஆசை வருகிறது' என்ற பொத்தானை அமுக்க மாட்டான். அந்த மாடியில் நீங்கள் எப்போது ஆப்பைத் திறந்தீர்கள்? பிடித்து முடித்த பிறகு. கணக்கு எழுதத்தான் திறந்தீர்கள், உதவிக்காக இல்லை.

அதற்காக ஆப் எல்லாம் வீண் என்று நான் சொல்லவில்லை. 2020-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகர ஆய்வாளர்கள் 2,415 பேரை வைத்து இரண்டு செயலிகளை ஒப்பிட்டார்கள். ஒன்று 'ஐகேன்குவிட்', இன்னொன்று அந்நாட்டுத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் 'குவிட்கைட்'. 12 மாதம் கழித்து, கடைசி 30 நாளில் ஒன்றுகூடப் பிடிக்காதவர்கள் முதல் செயலியில் 28.2 சதவீதம், இரண்டாவதில் 21.1 சதவீதம். அதில் கலந்துகொண்டவர்கள் பெரும்பாலும் உங்களைவிட மூத்தவர்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஏன் அது ஜெயித்தது என்பது உங்களுக்கு உதவும். 'ஆசை வந்தால் விரட்டு, வேறு எதையாவது நினை' என்று அது சொல்லவில்லை. ஆசை வரட்டும், வந்தால் கவனி, நெஞ்சில் எங்கே இருக்கிறது, கை எப்படிப் பரபரக்கிறது என்று பார், அது ஏறி இறங்கும்வரை கூடவே இரு, அதன் பேச்சைக் கேட்டுப் பற்றவைக்க மட்டும் செய்யாதே என்று பழக்கியது. அதோடு, ஜனங்கள் அதைத் திரும்பத் திரும்பத் திறந்தார்கள். இன்னொரு செயலியைவிடப் பல மடங்கு.

ஆக, ஆப் வேலை செய்யுமா என்ற கேள்விக்கு என் பதில்: ஆப் ஒரு நோட்டுப் புத்தகம், அதில் என்ன எழுதுகிறீர்கள், எப்போது திறக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நீங்கள் அதை மார்க் போடும் வாத்தியார் ஆக்கிவிட்டீர்கள். அவர் பூஜ்யம் போட்டதும் பள்ளிக்கூடத்தையே விட்டு நின்றுவிட்டீர்கள்.

அந்தப் பூஜ்யத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். ஏனென்றால் உங்களைக் கவிழ்த்தது மாடியில் பிடித்த ஒரு சிகரெட் இல்லை, காலையில் வாங்கிய பாக்கெட்.

'தலைக்கு மேல் வெள்ளம், சாண் போனால் என்ன முழம் போனால் என்ன' என்று நம் ஊரில் சொல்வார்கள். ஒன்று பிடித்தாயிற்று, எல்லாம் போச்சு, இனி ஒன்பது பிடித்தால் என்ன என்று மனம் அப்படித்தான் கணக்குப் போடும். ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-களிலேயே இதை விரிவாக எழுதினார். ஒருமுறை தவறியதைவிட, தவறியதும் 'நான் அவ்வளவுதான்' என்று தன்மேல் வரும் வெறுப்புதான் ஆளைப் பழைய இடத்துக்கே முழுசாகத் தள்ளுகிறது என்றார். நாள் எண்ணும் ஆப்கள் பலவும் தெரியாமலே இந்த வெறுப்புக்குத் தீனி போடுகின்றன. 11-ஐ அழித்து 0 போடுவது ஒரு நிரல் எழுதியவரின் வசதி, தம்பி. உங்கள் நுரையீரலோ மூளையோ அப்படி எண்ணுவதில்லை. அந்த 11 நாளும் இரத்தத்தில் சிகரெட் புகையின் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு ஏறாமல் இருந்ததும், ஷிப்ட் இடைவேளையில் ஒவ்வொரு முறையும் கையைக் கட்டிக்கொண்டு நின்றதும் நடந்த விஷயம். ஒரு பொத்தானால் அதை நடக்காததாக்க முடியாது.

அடுத்த முறை ஆப் தேர்ந்தெடுக்கும்போது இதைத்தான் முதலில் பாருங்கள்: சறுக்கலைப் பதிந்தால் முழுக் கணக்கையும் அழிக்கிறதா, இல்லை '30 நாளில் 29 நாள்' என்று காட்டுகிறதா? அழிக்கும் என்றால் அந்த எண்ணும் வசதியை விட்டுவிட்டு, ரூம் சுவரில் ஒரு மாதக் காலண்டர் மாட்டி, பிடிக்காத நாளை நீங்களே பேனாவால் வட்டமிடுங்கள். என்னிடம் வந்த ஒரு பையன் அப்படித்தான் செய்தான். ஐந்து மாதத் தாளைச் சுருட்டிக் கொண்டுவந்து மேஜைமேல் விரித்தான். வட்டம், வட்டம், வட்டம், நடுவே மூன்று கட்டம் மட்டும் காலி. அந்த மூன்றின் கீழேயும் பென்சிலால் எழுதியிருந்தான்: 'தங்கச்சி ரிசல்ட்', 'பைக் ஆக்சிடென்ட்', 'தெரியல'. அந்தத் 'தெரியல'வைப் பற்றித்தான் நாங்கள் அன்று அரை மணி நேரம் பேசினோம்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கணக்கு அழியாது என்பதால் 'ஒண்ணே ஒண்ணுதானே' என்று முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொள்ளக் கூடாது. நிறுத்திய பிறகு ஒரு இழுப்புகூட வேண்டாம் என்பதே விதி. தவறி நடந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் நான் சொல்வது.

இப்போது ஆப்பை எப்படிப் பயன்படுத்துவது? முதல் ஒரு வாரம் நிறுத்த வேண்டாம். வழக்கம்போலப் பிடியுங்கள், ஆனால் ஒவ்வொன்றையும் பற்றவைப்பதற்கு முன்னால் பதியுங்கள். நேரம், இடம், கூட யார், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது. உங்கள் ஒரு நாளை நானே எழுதிப் பார்க்கிறேன், தப்பாக இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். மதியம் 12.10, எழுந்ததும், பாத்ரூம் போவதற்கு முன், தனியாக. 1.30, சாப்பிட்டதும். 4.45, ஷிப்டுக்கு முன், கேட்டுக்கு வெளியே டீக்கடை, மூன்று பேர். 7.20, டீம் லீடரோடு போன் கால் முடிந்ததும், படிக்கட்டுப் பக்கம். 9.30, சாப்பாட்டு இடைவேளை, டீக்கடை, அதே மூன்று பேர். இப்படி ராத்திரி ரூம் மாடிவரை.

ஒரு வாரம் எழுதினால் அதில் இரண்டு மூன்று ரகம் பிரிந்து தெரியும். எழுந்ததும் பிடிக்கிறது உடம்பு கேட்பது. ராத்திரி முழுக்க நிகோடின் இல்லாமல் காய்ந்து கிடக்கிறது, அதற்கு மருந்து வேண்டும். 7.20-க்குப் பிடிப்பது கோபமோ படபடப்போ. அதற்கு, அந்தப் போன் கால் முடிந்ததும் ஐந்து நிமிடம் எழுந்து நடந்தாலே பாதி தீரும். டீக்கடையில் பிடிப்பது பெரும்பாலும் சிநேகிதம். அங்கே நிற்க ஒரு காரணம் வேண்டும், அது கையில் இருக்கிறது. இந்த மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது. ஆப்பின் பெரிய உபயோகமே இதைப் பிரித்துக் காட்டுவதுதான். பதக்கமும் பட்டாசும் எல்லாம் இதற்கு அப்புறம்.

பதிந்து முடித்ததும் அறிவிப்பு வரும் நேரத்தை நீங்களே மாற்றி வையுங்கள். இது முக்கியம். டெலிவரி வேலை பார்க்கும் ஒரு தம்பி ஒருநாள் என் அறைக்கு வெளியே காத்திருந்தபோது அவன் போன் சத்தமிட்டது. 'உங்கள் நுரையீரல் உங்களுக்கு நன்றி சொல்கிறது' என்று ஆப் அனுப்பியிருந்தது. உள்ளே வந்ததும் சொன்னான், "டாக்டர், காலையில இருந்து அந்த நினைப்பே இல்லாம இருந்தேன். இதுதான் ஞாபகப்படுத்துச்சு." அவன் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. நேரங்கெட்ட நேரத்தில் வரும் அறிவிப்பு சிகரெட்டுக்கு விளம்பரம் மாதிரி ஆகிவிடும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, உங்கள் பதிவில் தெரிந்த ஆபத்து நேரங்களுக்கு முக்கால் மணி நேரம் முன்னால் மட்டும் ஒன்று வரட்டும். 4.00-க்கு ஒன்று, 8.45-க்கு ஒன்று. அதில் என்ன வர வேண்டும் என்று நீங்களே எழுதுங்கள். 'கம் எடுத்தியா? டீ மட்டும் சொல்லு' என்பது போதும். முகம் தெரியாதவர் எழுதிய தத்துவத்தைவிட நீங்கள் உங்களுக்கே எழுதிய நாலு வார்த்தை அங்கே வேலை செய்யும்.

கம் என்றேன். இதைத்தான் உங்கள் ஆப் எதுவும் உங்களுக்குச் சரியாகச் சொல்லியிருக்காது. நிகோடின் சூயிங் கம் 2 மில்லிகிராம் மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கும். 4 மில்லிகிராமுக்கு டாக்டர் சீட்டு வேண்டும். எழுந்து அரை மணிக்குள் சிகரெட் வேண்டும் என்கிறவருக்கு 2 போதாமல் போகலாம், அதனால் நிறுத்தும் தேதிக்கு முன்னால் ஒரு டாக்டரைப் பார்த்துவிடுங்கள். வரெனிக்ளின், புப்ரோபியான் என்று நன்றாக வேலை செய்யும் மாத்திரைகளும் இருக்கின்றன. அவையும் டாக்டர் பார்த்துத்தான் தர வேண்டும். வேறு ஏதாவது நோய்க்கு மருந்து சாப்பிட்டால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

கம்மை மெல்லும் விதத்தில் ஏறக்குறைய எல்லோருமே தப்புப் பண்ணுகிறார்கள். பபிள்கம் மாதிரி சவக் சவக் என்று மென்று, எச்சிலை விழுங்கி, விக்கலும் வயிற்றெரிச்சலும் வந்து, 'எனக்கு ஒத்துக்கலை' என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். மெதுவாக மெல்லுங்கள். மிளகு மாதிரி ஒரு சுரீர் வந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வையுங்கள். வாயின் உட்தோல் வழியாகத்தான் நிகோடின் உள்ளே போக வேண்டும், வயிறு வழியாக இல்லை. சுரீர் போனதும் மறுபடி கொஞ்சம் மென்று, வேறு பக்கம் ஒதுக்குங்கள். ஒரு கம் அரை மணி நேரம் வரும். டீ, காபி, கூல்டிரிங்க்ஸ் எதையும் கம் போடுவதற்கு 15 நிமிடம் முன்னாலும் வாயில் இருக்கும்போதும் குடிக்கக் கூடாது. அவற்றில் இருக்கும் அமிலம் நிகோடினை உள்ளே போகவிடாது. நம் ஊரில் டீயோடுதான் ஆசை வரும், டீயோடுதான் கம்மையும் போடுவார்கள், பிறகு வேலை செய்யவில்லை என்பார்கள். அதனால்தான் டீக்கடைக்கு முன்னால் கம், கம் முடிந்து கொஞ்ச நேரம் கழித்து டீ என்று வரிசையை மாற்றச் சொல்கிறேன்.

சந்தா கேட்டீர்கள். கட்ட வேண்டாம். கட்டணம் வாங்கும் செயலி இலவசச் செயலியைவிட நன்றாக விட வைக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. அந்தப் பணத்துக்குக் கம் வாங்கலாம். எந்த ஆப் போட்டாலும் யார் உருவாக்கியது என்று பாருங்கள். ஒரு அரசோ பல்கலைக்கழகமோ மருத்துவ அமைப்போ பின்னால் இருக்கிறதா? நிறுத்தத் தேதி குறிக்கச் சொல்கிறதா, மருந்தைப் பற்றிப் பேசுகிறதா? நடுவில் விளம்பரம் எதையாவது விற்கிறதா? சிகரெட் எண்ணும் ஆப்புக்கு உங்கள் தொடர்பு எண்களும் மைக்கும் எதற்கு? அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள். இவ்வளவு போதும், இதற்கு மேல் ஆப் தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். புது ஆப் தேடுவதே நிறுத்துவதைத் தள்ளிப் போடும் ஒரு வழியாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆப்பைவிட எனக்கு நம்பிக்கை உள்ள ஒன்று உங்கள் போனில் ஏற்கெனவே இருக்கிறது. அது பேசும் வசதி. 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண்ணுக்கு 2016 முதல் கட்டணமில்லாமல் பேசலாம். தமிழிலும் பேசுவார்கள். தேதி குறித்துக் கொடுத்து, நிறுத்திய பிறகு அவர்களே திரும்பவும் கூப்பிட்டு விசாரிப்பார்கள். மெசேஜ் ஏன் ஜெயித்தது என்று மேலே சொன்னேனே, அதே காரணம்: தேடி வருகிறார்கள். பகல் நேரத்தில், எழுந்து முகம் கழுவியதும் கூப்பிட்டுவிடுங்கள். இந்த எண் 2018-இல் இருந்து ஒவ்வொரு சிகரெட் பாக்கெட்டிலும் அச்சாகி வருகிறது. நம் பையன்களில் பலருக்கு இது தெரியவே தெரியாது, ஏனென்றால் அவர்கள் பாக்கெட்டைப் பார்ப்பதில்லை. கடையில் ஒன்று இரண்டாகச் சில்லறைக்கு வாங்கிப் பிடிக்கிறார்கள். படம் போட்ட எச்சரிக்கையும் உதவி எண்ணும் கடைக்காரர் பக்கமே நின்றுவிடுகின்றன. நீங்கள் அன்று காலையில் வாங்கிய பாக்கெட்டில்கூட அது இருந்திருக்கும்.

நேரில் போக முடிந்தால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ பல் மருத்துவக் கல்லூரிகளில் இருக்கும் புகையிலை நிறுத்த மையங்களிலோ கேட்டுப் பாருங்கள். சில இடங்களில் மூச்சை ஊதிக் கார்பன் மோனாக்சைடு அளக்கும் சின்னக் கருவி இருக்கும். என்னிடம் வந்த ஒரு 22 வயதுப் பையன் ஊதியபோது 17 காட்டியது. அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டான். நிறுத்தி மூன்றாம் நாள் வந்து ஊதினான், 3. இரண்டு படத்தையும் பக்கம் பக்கமாக வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். எந்த ஆப்பும் அவனுக்கு அந்த முகத்தைத் தரவில்லை.

வேப்புக்கு மாறாதீர்கள். இந்தியாவில் 2019 முதல் அதன் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை எல்லாம் தடை. உங்கள் ரூம்மேட் வாங்குவது கள்ளத்தனமாக வருவது, உள்ளே என்ன இருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது. இன்னொன்றும் சொல்கிறேன். அமெரிக்காவில் 18 முதல் 24 வயதுவரை உள்ள 2,588 பேரை வைத்து, மெசேஜ் மூலம் விட வைக்கும் ஒரு திட்டத்தைச் சோதித்தார்கள். மெசேஜ் பெற்றவர்களில் 24.1 சதவீதம் பேரும், பெறாதவர்களில் 18.6 சதவீதம் பேரும் 7 மாதம் கழித்து நிறுத்தியிருந்தார்கள். அவர்கள் விட முயன்றது சிகரெட்டை இல்லை, வேப்பை. அந்த வயதுப் பிள்ளைகள் அதிலிருந்து வெளியே வரவே உதவி தேடுகிறார்கள்.

டீக்கடை நண்பர்களிடம் என்ன சொல்வது? நீளமாகப் பேச வேண்டாம். "டாக்டர் ஒரு மாசம் தொடாதேன்னுட்டார், டீ மட்டும் சொல்லுடா" என்று என்மேல் பழியைப் போட்டுவிடுங்கள். முதல் இரண்டு வாரம் அவர்கள் புகை வராத பக்கமாக, கடை வாசலுக்கு உள்ளே நில்லுங்கள். வலது கையில் டீ டம்ளரும் இடது கையில் ஒரு கடலை மிட்டாயும் இருக்கட்டும். ஆசை ஒரு வேகத்தில் வரும், சில நிமிடத்தில் இறங்கும். ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம். அந்த நேரத்தைக் கடப்பதுதான் வேலை.

அம்மாவைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். ஊருக்குப் போனால் உங்கள் சட்டையைத் துவைப்பவர் அவர்தானே, அநேகமாகத் தெரிந்தே இருக்கும். சொல்லியே ஆக வேண்டும் என்று நான் வற்புறுத்த மாட்டேன். ஆனால் யாராவது ஒருவரிடம் சொல்ல வேண்டும். ராத்திரி 11 மணிக்குக் கூப்பிட்டாலும் எடுப்பவர், தவறிவிட்டது என்று சொன்னால் திட்டாதவர். அக்காவோ, தம்பியோ, கல்யாணம் ஆன அந்த நண்பனோகூட. அவர் எண்ணை ஆப்புக்குப் பக்கத்திலேயே முகப்புத் திரையில் வையுங்கள். அம்மாவிடம் 30 நாள் கழித்துச் சொல்லலாம். அன்று உங்களுக்கே சொல்லத் தோன்றும் என்று நினைக்கிறேன்.

உங்கள் வயதைப் பற்றி ஒரே ஒரு விஷயம். பிரிட்டிஷ் டாக்டர்களை 50 வருடம் தொடர்ந்து கவனித்து 2004-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. தொடர்ந்து புகைத்தவர்கள் சராசரியாக 10 வருடம் முன்னதாகவே இறந்தார்கள். 60 வயதில் நிறுத்தியவர்கள் அதில் 3 வருடத்தை மீட்டார்கள், 50-இல் நிறுத்தியவர்கள் 6, 40-இல் 9. 30 வயதுவாக்கில் நிறுத்தியவர்கள் ஏறக்குறைய பத்தையுமே மீட்டுவிட்டார்கள். உங்களுக்கு 24.

இன்று செய்ய வேண்டியது இதுதான். அழித்த அந்த முதல் ஆப்பையே திரும்ப இறக்குங்கள், உங்களை 11 நாள் கொண்டுபோனது அதுதானே. சறுக்கினால் அழிக்கும் அந்த எண்ணும் பகுதியைக் கண்டுகொள்ளாமல், குறிப்பு எழுதும் இடத்துக்குப் போங்கள். முதல் பதிவாக அந்தக் கல்யாண வீட்டுச் சிகரெட்டை எழுதுங்கள். மணி என்ன, மாடியில் யார் யார் இருந்தார்கள், யார் நீட்டினார்கள், அதற்குச் சற்று முன் என்ன பேசிக்கொண்டிருந்தீர்கள், கையில் கிளாஸ் இருந்ததா. அதற்குக் கீழேயே, வரப்போகிற அடுத்த கல்யாணம் யாருடையது, என்றைக்கு என்று எழுதி, அந்த ராத்திரி மாடிக்குப் போகாமல் யாரோடு எங்கே படுத்துக்கொள்வீர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள். பிறகு ஏழு நாள் பதிவு, டாக்டர், கம், தேதி. நிறுத்திய நாளில் இருந்து 30-ஆம் நாள் எனக்கு எழுதுங்கள். 30-க்கு 30 என்றாலும் சரி, 30-க்கு 26 என்றாலும் சரி, காலியாக இருக்கும் கட்டங்களுக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறீர்கள் என்பதையும் சேர்த்து அனுப்புங்கள்.